பிரிக்காத இரண்டு கவர்கள்

ஜனவரி 12

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தம்பி எழுதுவது. இங்கே நானும் இவளும் சுகம். என் முழங்கால் மட்டும் பட்டறைப் படிக்கட்டைக் கண்டாலே முரண்டு பிடிக்கிறது. நீ எப்படி இருக்கிறாய்? அந்தத் தலைவலி விட்டதா?

போன மாதம் நீ போட்ட கடிதத்தில் நலம் விசாரிப்பு இரண்டு வரி, திட்டு இரண்டு பக்கம். திட்டியது நியாயம்தான். முன் போர்ஷனில் வாடகைக்கு இருக்கும் டிரைவர் சமையலறையில் இன்னொரு ஜன்னல் வைத்துக்கொள்ளலாமா என்று உன்னிடம் கேட்டிருக்கிறார். நீ முடியாது என்று சொன்ன பிறகு நேராக எனக்கு எழுதிவிட்டார். நீ மறுத்ததை அவர் சொல்லவில்லை. நானும் உன்னை ஒரு வார்த்தை கேட்காமல் தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள் என்று பதில் போட்டுவிட்டேன். கொத்தனார் வந்து சுவரை இடிக்கும் சத்தம் கேட்டுத்தான் உனக்கு விஷயமே தெரிந்தது என்று எழுதியிருந்தாய். என் கடிதத்தை டிரைவர் உன் முகத்துக்கு நேரே ஆட்டிக் காட்டினார் என்ற இடத்தை என்னால் இரண்டாம் தடவை படிக்க முடியவில்லை.

பட்டறையில் இருபத்தேழு வருஷமாக இதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஃபோர்மேனைத் தாண்டி ஒருவன் முதலாளியிடம் போய்க் காரியம் சாதித்துவிட்டால், மறுநாளிலிருந்து ஃபோர்மேன் பேச்சு எடுபடாது. நானே ஃபோர்மேன். உனக்கு அதைச் செய்திருக்கக்கூடாது.

அதனால் இன்றிலிருந்து ஓர் ஏற்பாடு. வாடகைக்கு இருப்பவர்கள் எதுவானாலும் உன்னிடம்தான் சொல்ல வேண்டும். நீ எனக்கு எழுது. நான் அவர்களுக்குச் சொல்ல வேண்டியதைக் காகிதத்தில் எழுதி உனக்கு அனுப்புகிறேன், நீ கொண்டுபோய்க் கொடு. எல்லாம் எழுத்தில் இருக்கட்டும். யாராவது எனக்குக் கவர் போட்டால் பிரிக்கவே மாட்டேன், அப்படியே உனக்குத் திருப்பிவிடுவேன். இது உன் மேல் சத்தியம்.

இத்துடன் இரண்டு காகிதம். ஒன்று டிரைவருக்கு, பிள்ளைகள் மதில் சுவரில் கரியால் படம் வரைவது பற்றி. இன்னொன்று மாடிக்குப் புதிதாக வந்திருக்கும் டைப்பிஸ்ட் அம்மாவுக்கு, மிஷினை ஜன்னலோரம் போட்டுக்கொள்ளலாம் என்று.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தம்பி


பிப்ரவரி 3

அன்புள்ள வக்கீலுக்கு,

பட்டறையில் இரும்போடு காலம் தள்ளினாலும் நீ எனக்கு வக்கீல்தான். ஏழு வயதில் ஒரு பென்சிலுக்காக என்னிடம் நீ பேசிய பாயிண்ட்டுகள் எனக்கு மறக்கவில்லை. நான் சுகம். தலைவலி வரும், போகும். உன் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. உன் வீட்டுக்காரியையும் விசாரித்ததாகச் சொல்.

சத்தியம் வரைக்கும் போயிருக்க வேண்டாம். ஆனாலும் மனசு குளிர்ந்தது, பொய் சொல்லமாட்டேன். உனக்கு ஒன்று தெரிய வேண்டும். உன் அத்தான் போன பிறகு ஒரு பெட்டியோடு நான் இங்கே திரும்பி வந்தபோது, பின் போர்ஷனைக் கொடுத்து, 'அக்கா, நீ சும்மா இருக்க வேண்டாம், வீட்டை நீ பார்த்துக்க, உனக்குச் சம்பளம்' என்று சொன்னாயே, அந்தச் சொல்லில்தான் நான் நிற்கிறேன். தம்பி வீட்டில் ஒண்டிக்கொண்டிருக்கிறவள் வேறு, வேலை பார்க்கிறவள் வேறு. டிரைவர் அன்று காகிதத்தை ஆட்டியபோது நான் ஒண்டிக்கொண்டிருக்கிறவளாகிவிட்டேன். இனி இல்லை.

உன் காகிதங்களைக் கொடுத்ததில் ஒரு கூத்து. இரண்டும் மாறிப்போய்விட்டது. மாடியிலிருந்து அந்தப் பெண் இறங்கி வந்து, "அக்கா, சுவத்துல கரியால யானை வரையக்கூடாதுன்னு எழுதியிருக்கு. எனக்கு யானை வரையவே வராதே"ன்னு நிற்கிறாள். அவள் போன கையோடு டிரைவர் வருகிறார். "நான் ஓட்டுறது பஸ்ஸு. டைப் மிஷினுக்கு நான் எங்க போவேன்?" என்கிறார். மூன்று பேரும் வாசலில் நின்று சிரித்தோம். டிரைவரோடு சிரித்து வெகு நாளாகிவிட்டது.

இரண்டும் ஒரே அளவு, ஒரே தாள், ஒரே மடிப்பு. அறையில் பல்பு வேறு மங்கல். மாற்றிவிட்டேன். மாற்றியும் மங்கலாகத்தான் எரிகிறது. இந்தத் தெருவுக்கு மின்சாரம் சரியாக வருவதில்லை போலிருக்கிறது.

உன் அக்கா


மார்ச் 1

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே சுகம். நீ சுகமா? யானைக் கதையை இவளுக்குப் படித்துக் காட்டினேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

சிரித்து முடித்ததும் உன் கடிதத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். வரிகள் மேலே ஏறிப் போகின்றன. கடைசிப் பக்கத்தில் இரண்டு வரி ஒன்றின் மேல் ஒன்று விழுந்து கிடக்கிறது. வெள்ளைத் தாளில் எழுதினாலும் கோடு தேவைப்படாத கையெழுத்து உன்னுடையது. கண்ணாடி மாற்ற வேண்டுமோ என்னவோ, போய்ப் பார்.

இன்னொன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. எங்கள் ஸ்டோர் கிளார்க்குக்கும் உன் ஊரில் ஒரு வீடு இருக்கிறது. அதை ஒரு கம்பெனி பார்த்துக்கொள்கிறதாம். வாடகைக்காரர் போன் செய்தால் அவர்களே பேசி, அவர்களே ஆள் அனுப்பி, மாதக் கடைசியில் இவருக்கு ஒரு தாளில் எழுதி அனுப்பிவிடுகிறார்களாம். உனக்குப் படியேறி இறங்க முடியாமல் போனால் சொல். உன் இடத்தில் யாரையும் வைக்க வேண்டும் என்றில்லை. உனக்குச் சிரமம் வேண்டாமே என்றுதான் சொல்கிறேன்.

உன் தம்பி


மார்ச் 29

அன்புள்ள வக்கீலுக்கு,

சுகம். அனைவர் சுகத்துக்கும் எழுது.

எழுத்தைப் பார்த்தாயா? எல்லாம் டைப். நீ வரி ஏறுகிறது, இறங்குகிறது என்று குறை சொன்னாய் அல்லவா? இனி ஒரு வரி ஏறாது. தெருமுனையில் ஒரு கடை இருக்கிறது, நான் சொல்லச் சொல்ல அடித்துத் தருகிறார்கள். உனக்கும் எல்லாம் எழுத்தில் வேண்டும், அதிலும் ஆபீஸ் மாதிரி வேண்டும். திருப்திதானே? கண்ணாடியும் மாற்றியாகிவிட்டது.

கம்பெனி வேண்டாம். கம்பெனிக்காரனுக்கு மாடிக் குழாயை எத்தனை சுற்று திருகினால் சொட்டு நிற்கும் என்று தெரியுமா? டிரைவர் வீட்டுக் கதவை மழைக்காலத்தில் தோளால் தள்ளித் திறக்க வேண்டும், இழுத்தால் கைப்பிடி கையோடு வந்துவிடும். இதையெல்லாம் அவன் எந்தத் தாளில் எழுதி அனுப்புவான்? இந்த வீட்டை நான் கண்ணை மூடிக்கொண்டு சுற்றி வருவேன்.

இனிமேல் கம்பெனி என்ற சொல் கடிதத்தில் வரக்கூடாது. கேட்கவே கசப்பாக இருக்கிறது.

மாடிப் பெண் நல்ல மாதிரி. கோர்ட்டுக் காகிதங்களை வீட்டில் வைத்து அடித்துக் கொடுத்துப் பிழைக்கிறாள். தனி ஆள். சத்தம் போடமாட்டாள், மிஷின்தான் போடும்.

உன் அக்கா


மே 6

அன்புள்ள அக்காவுக்கு,

நலம்தானே? இங்கே வெயில் கொளுத்துகிறது. பட்டறைக்குள் போனால் அடுப்புக்குள் போன மாதிரி. ஏப்ரல் முழுக்க உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. டைப் கடை லீவா?

டைப் அடித்த கடிதத்தை ஃபைலில் போட்டேன். மேனேஜர் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று இவளிடம் பீற்றிக்கொண்டேன்.

இத்துடன் ஒரு கவர் இருக்கிறது. பின்னால் 'மாடி வீடு' என்று எழுதியிருப்பதைப் பார். போன வாரம் வந்தது. நீ நல்ல மாதிரி என்கிறாய், அந்த அம்மா உன்னைத் தாண்டி எனக்குக் கவர் போடுகிறார். என்ன எழுதியிருக்கிறார் என்று எனக்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. ஓரத்தைக்கூடத் தொடவில்லை. இவள்தான், 'கனமா இருக்கே, என்னன்னு பாத்துட்டு அனுப்பக்கூடாதா' என்றாள். 'அக்காவுக்குச் சத்தியம் பண்ணியிருக்கேன், பேசாம இரு' என்று சொல்லிவிட்டேன்.

கவரைப் பிரித்துப் பார்த்து, என்ன செய்ய வேண்டுமோ நீ செய். உன் பேச்சுதான் கடைசிப் பேச்சு.

உன் தம்பி


ஜூன் 9

அன்புள்ள தம்பிக்கு,

சுகம். கடிதம் தாமதமானதற்கு ஒன்றும் காரணம் இல்லை. அலுப்பு, அவ்வளவுதான்.

கவர் வந்தது. குழாய் விஷயம். பார்த்தாகிவிட்டது. நீ பிரிக்காமல் அனுப்பியது சரி. அப்படியே இரு.

முன் போர்ஷனில் மதில் சுவருக்கு வெள்ளை அடித்தாயிற்று. யானை போய்விட்டது. டிரைவரே நின்று அடித்தார். மற்ற வேலையெல்லாம் எப்போதும்போல் நடக்கிறது. நான் முன்னைப்போல தினம் மாடி ஏறுவதில்லை, ஏறினால் இறங்கும்போது படி தெரியாமல் ஐயோ அதை விடு, அவன் பயந்துபோவான், அதை அடிக்காதே. எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. கண்ணாடி நன்றாக இருக்கிறது. நன்றாக இருக்கிறது என்று இரண்டு தடவை போட வேண்டாம், ஒரு தடவை போதும்.

முழங்காலைக் கவனி.

உன் அக்கா


ஜூன் 28

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் நலம் என்று நம்புகிறேன்.

உன் கடிதத்தைப் படித்துச் சிரித்து மாளவில்லை. அந்த டைப் கடைக்காரன் நீ 'அடிக்காதே' என்று சொன்னதையும் சேர்த்து அடித்திருக்கிறான். நீ படித்துப் பார்க்காமலா கையெழுத்துப் போட்டாய்? கையெழுத்தும் தாளின் மூலையில் எங்கேயோ போய்க் கிடக்கிறது. அவசரம் உனக்கு. படிக்கட்டில் விளக்கு இல்லாவிட்டால் போடச் சொல், நான் பணம் அனுப்புகிறேன். வேறு கடையும் பார்.

இனிமேல்தான் சிரிக்க முடியாத விஷயம். மாடி வீட்டிலிருந்து இரண்டாவது கவர் வந்திருக்கிறது. இதுவும் இத்துடன். இதையும் பிரிக்கவில்லை. 'அவசரம்' என்று மேலே சிவப்பு மையில் அடிக்கோடு வேறு. குழாய்க்கு என்ன அவசரம்? முதல் கவரை நீ பார்த்துச் சரி செய்த பிறகும் மறுபடி எனக்கு எழுதுகிறார் என்றால், உன்னை ஒரு பொருட்டாகவே அந்த அம்மா நினைக்கவில்லை என்றுதான் அர்த்தம். டிரைவருக்கு இடம் கொடுத்து ஒரு தடவை பட்டது போதும்.

மாடிக்கு ஒரு நோட்டீஸ் வைத்திருக்கிறேன். வீடு சம்பந்தமாக எதுவானாலும் மேனேஜரிடம் மட்டுமே சொல்ல வேண்டும், மூன்றாவது கவர் வந்தால் வீட்டைக் காலி செய்ய வேண்டியிருக்கும் என்று. உன் கையாலேயே கொடு. மாறிப்போகாமல் பார்த்துக் கொடு.

உன் தம்பி


ஆகஸ்ட் 2

அன்புள்ள தம்பிக்கு,

சுகம்.

நோட்டீஸ் சேர்ந்துவிட்டது. அவள் நின்றுகொண்டே முழுக்கப் படித்தாள். சத்தமாகத்தான் படித்தாள். படித்து முடித்துச் சரி என்றாள்.

அவளை விரட்ட வேண்டாம். எனக்காக விட்டுவிடு. அவள் என்னை மதிக்காமல் எழுதவில்லை. அது எனக்குத் தெரியும்.

எனக்கு ரொம்ப அலுப்பாக இருக்கிறது. பகலிலும் தூக்கம் வருகிறது. முற்றத்தில் உட்கார்ந்திருக்கிறேன். யார் போகிறார்கள், யார் வருகிறார்கள் என்று செருப்புச் சத்தத்தில் தெரிந்துவிடும். டிரைவர் இடது காலை இழுத்து நடப்பார், அதை இத்தனை வருஷம் நான் கவனித்ததே இல்லை. வேறு எழுத ஒன்றும் இல்லை. இந்த மாதம் லீவு கிடைக்குமா என்று கேட்கலாம் என்று நினைத்தேன். வேண்டாம், உனக்குப் பட்டறையில் வேலை இருக்கும். போன வரியை எடுத்துவிடம்மா.

உன் அக்கா


ஆகஸ்ட் 10

ஐயா, வணக்கம். மாடியில் குடியிருப்பவள் எழுதுகிறேன். கார்டுக்கு உறை கிடையாது. இதைப் படிக்காமல் திருப்பி அனுப்ப உங்களால் முடியாது என்பதால் கார்டில் அடிக்கிறேன்.

தெருமுனையில் டைப் கடை எதுவும் இல்லை. மார்ச்சிலிருந்து அக்காவின் கடிதங்களை அடிப்பது நான். உங்கள் கடிதங்களைப் படித்துக் காட்டுவதும் நான். அக்காவால் படிக்க முடியவில்லை, கண் போய்க்கொண்டிருக்கிறது. கண்ணுக்குள் அழுத்தம் ஏறியிருக்கிறதாம். போன பார்வை திரும்பாது, இருப்பதைத்தான் காப்பாற்றலாம் என்றார் டாக்டர். ஏப்ரலில் நான் கூட்டிப்போனபோது வலது கண்ணில் பாதி இருந்தது. அதைச் சொல்லத்தான் முதல் கவர். இப்போது வலது கண் முழுக்க இல்லை. இடது கண்ணுக்கு இந்த மாதத்துக்குள் ஆபரேஷன் செய்ய வேண்டும். கையெழுத்துப் போடச் சொந்தக்காரர் வேண்டும் என்றார்கள். யாருமில்லை என்று அக்கா சொல்லிவிட்டார். உங்களுக்குத் தெரிந்தால் கம்பெனி வந்துவிடும், தான் சும்மா உட்கார்ந்து சாப்பிட வேண்டியிருக்கும் என்று பயம்.

நான் இதுவரை அக்கா சொல்லாத ஒரு சொல்லையும் அடித்ததில்லை. சொன்னதை விட்டதும் இல்லை.

இது மூன்றாவது. காலி செய்யச் சொன்னால் செய்கிறேன். அதற்கு முன் ஒரு தடவை வந்து பாருங்கள். கார்டில் இடம் முடிந்தது.


ஆகஸ்ட் 17

அக்கா,

மாடி அம்மா படித்துக் காட்டுகிறார் என்று தெரிந்தே இதை எழுதுகிறேன். அம்மா, தயவுசெய்து நிறுத்தாமல் படியுங்கள். அக்கா எழுந்து போகப் பார்த்தால் கையைப் பிடித்து உட்காரவையுங்கள்.

கார்டு நேற்று வந்தது. தபால்காரர் கையிலேயே படித்துவிட்டேன், திருப்பி நீட்ட நேரம் கிடைக்கவில்லை. சுகமா என்று கேட்டு ஆரம்பிக்கத் தெரியவில்லை எனக்கு. எட்டு மாதமாகக் கேட்டேன், நீயும் சுகம் என்றாய், நானும் ஃபைலில் போட்டேன்.

மே மாதம் அந்தக் கவர் ஒரு வாரம் என் மேஜையில் கிடந்தது. டீ டம்ளரை அதன் மேல் வைத்திருந்தேன். பிரிக்கவில்லை என்று எனக்கு என் மேலேயே ஒரு மரியாதை வந்தது, அக்கா. அந்த மரியாதையை நினைத்தால் இன்றைக்குச் சோறு இறங்கவில்லை. 'அதை அடிக்காதே' என்ற வரியைப் பட்டறையில் நாலு பேருக்குப் படித்துக் காட்டிச் சிரித்தேன். ஒரு பொம்பளை அதையும் விடாமல் அடித்து, எனக்குக் கேட்கிற மாதிரி எவ்வளவு சத்தமாகச் சொல்லியிருக்கிறார், எனக்குக் காது இல்லை.

நம் ஏற்பாடு இன்னும் அப்படியே இருக்கிறது. வாடகைக்கு இருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியது உன் மூலம்தான் போக வேண்டும். எனவே மேனேஜர் அவர்கள் பின்வரும் இரண்டையும் சேர்ப்பிக்கவும்.

மாடி வீட்டுக்கு: ஜூன் 28 நோட்டீஸைக் கிழித்துப் போடவும். வீட்டுக்காரர் மன்னிப்புக் கேட்கிறார். அவர் மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாதவர், சொற்கள் போதாவிட்டால் பொறுத்துக்கொள்ளவும்.

பின் போர்ஷனுக்கு: உங்கள் தம்பிக்கு இருபதாம் தேதியிலிருந்து லீவு கிடைத்திருக்கிறது. இரண்டு நாள் ரயில். இருபத்திரண்டு காலை வந்துவிடுவான். ஆஸ்பத்திரியில் சொந்தக்காரர் கையெழுத்தை அவன் போடுவான். யாருமில்லை என்று இன்னொரு தடவை யாரிடமாவது சொன்னால் வாசலிலேயே உட்கார்ந்து அழுவான். சின்ன வயதில் அவன் எப்படி அழுவான் என்று உங்களுக்குத் தெரியும், தெருவே கூடிவிடும்.

கம்பெனி கிடையாது. அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

தம்பி


நவம்பர் 5

அன்புள்ள வக்கீலுக்கு,

இது டைப் இல்லை, என் கை. டிரைவரின் பிள்ளைகள் நோட்டில் கோடு போட்டுக் கொடுத்தார்கள், தடிப் பேனா வாங்கிக் கொடுத்தார்கள். ஒரு பக்கம் எழுத ஒரு மத்தியானம் ஆகிறது. நான் சுகம். இந்தத் தடவை நம்பலாம்.

நேற்று டாக்டர் பார்த்தார். இடது கண்ணில் பார்வை இந்த அளவில் நின்றுவிட்டதாம், இனி இறங்காது என்கிறார், சொட்டு மருந்தை மட்டும் விடாமல் போடச் சொன்னார். நேரே பார்த்தால் தெரிகிறது. ஓரம் தெரியவில்லை. பக்கத்தில் யாராவது நின்றால் தலையைத் திருப்ப வேண்டும். டிரைவர் இப்போதெல்லாம் வரும்போதே, "அக்கா, வலது பக்கம் நான்"ன்னு குரல் கொடுத்துவிட்டு வருகிறார். மாடி ஏறும்போது டைப்பிஸ்ட் முன்னால் போகிறாள், இறங்கும்போதும் முன்னால் போகிறாள். குழாய் நான்தான் திருகுகிறேன்.

நீ ஊருக்குப் போன பிறகு ஒன்று மனசை அரித்துக்கொண்டே இருக்கிறது. மூன்று வாரம் இங்கே இருந்தாய். கட்டுப் போட்ட கண்ணோடு நான் படுத்திருக்க, தினமும் கேட்டாய், 'அந்த ரெண்டு கவரும் எங்கக்கா?' என்று. எங்கே வைத்தேன் என்று ஞாபகம் இல்லை என்றேன். பொய். டிராயரில்தான் இருந்தது.

நடந்ததைச் சொல்கிறேன். மே மாதம் உன் கடிதத்தை அவள் எனக்குப் படித்துக் காட்டினாள். 'இத்துடன் ஒரு கவர்' என்ற இடம் வந்ததும் குரல் நின்றுவிட்டது. "கவர்ல என்ன?"ன்னு கேட்டேன். "நான் எழுதினதுதான் அக்கா, அவருக்கு"ன்னாள். "படிக்கட்டுமா?"ன்னாள். வேண்டாம், டிராயரில் போடு என்றேன். என்ன எழுதியிருப்பாள் என்று எனக்குத் தெரியாதா? டாக்டரிடம் என் கையைப் பிடித்துக் கூட்டிப்போனவளே அவள்தானே. மீதிக் கடிதத்தையும் படிக்கச் சொன்னேன். 'உன் பேச்சுதான் கடைசிப் பேச்சு' என்று நீ எழுதியிருந்ததை இரண்டு தடவை படிக்கச் சொன்னேன். அவள் அழுதுகொண்டே படித்தாள். எனக்கு அப்போது அழுகை வரவில்லை, தம்பி. பெருமையாக இருந்தது. என் தம்பி எனக்குக் கொடுத்த வார்த்தையைக் காப்பாற்றிவிட்டான் என்று அன்று முழுக்க நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன். ஒரு கண்ணுக்கு ஈடாக அந்தப் பெருமையை வாங்கினேன் என்று இப்போது தெரிகிறது. அன்றைக்குத் தெரிந்திருந்தாலும் வாங்கியிருப்பேனோ என்று பயமாக இருக்கிறது.

ஆகவே உன் மேல் பழி இல்லை. நீ மட்டும் சோறு இறங்காமல் உட்கார்ந்திருக்க வேண்டாம். நாம் இரண்டு பேரும் சேர்ந்து செய்ததுதான்.

ஏற்பாட்டில் ஒரு திருத்தம். மேனேஜர் நான்தான், அதில் மாற்றம் இல்லை. குழாய், கதவு, சுவர் எல்லாம் என் வழியாகத்தான் வர வேண்டும். ஜன்னல் கேட்டு யாராவது உனக்கு எழுதினால் பதில் போடாதே, எனக்கு அனுப்பு. ஆனால் கவர் வந்தால் பிரி. முதலில் நீ படி. என்னைப் பற்றி என்றால் இரண்டு தடவை படி.

டிராயரில் இருந்த இரண்டு கவரையும் இத்துடன் வைத்திருக்கிறேன். இன்னும் ஒட்டியபடியே இருக்கிறது, நானும் பிரிக்கவில்லை. உன் பெயருக்கு வந்தவை. படித்துவிட்டுப் பதில் எழுது. எனக்கு வேண்டாம், மாடிக்கு எழுது. நேராகவே போடலாம்.

உன் அக்கா